அயர்லாந்துக் கிராமத்துக் கல்லறைகளில் முன்னோரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக அயர்லாந்தில் குடியேறிய தமிழர்கள், ஐரிஷ் மருமகனோ மருமகளோ வாய்த்த குடும்பங்கள், ஐரிஷ் குடும்பப்பெயரோடு சென்னையிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் ஆங்கிலோ-இந்தியர்கள் என்று பலரும் கேட்பவை இந்தக் கேள்விகள். வழி தெரிந்து போனால் பாழடைந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை கிடைக்கும். தெரியாமல் போனால் முட்செடி கீறிய கையோடு திரும்ப வேண்டியதுதான்.

எல்லாப் பதிவேடும் இணையத்துக்கு வந்துவிட்டதே, கல்லறைக்கு ஏன் போக வேண்டும்?

பதிவேடு இருந்தால் போக வேண்டியதில்லை. அயர்லாந்தில் சிக்கலே அங்கேதான். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள்தான் மிஞ்சின. உயில்கள் போயின. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த, சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பதிவேடுகளும் போயின. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாகிவிட்டன. நாடு முழுமைக்கும் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-இல் எடுத்தது, அடுத்தது 1911. இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) இருந்ததால் தீயிலிருந்து தப்பின. தேசிய நூலகம் அவற்றின் படங்களை 2015-இல் இலவசமாக இணையத்தில் ஏற்றியது. ஆனால் அவற்றில் இருப்பவை ஞானஸ்நானமும் திருமணமும்தான்; அடக்கத்தைக் குறித்துவைத்த பங்குகள் குறைவு. எல்லாருடைய பிறப்பு இறப்பையும் அரசு பதிய ஆரம்பித்ததோ 1864 ஜனவரி 1-இல். ஆக, 1864-க்கு முன் இறந்த ஒரு கத்தோலிக்க விவசாயி எப்போது இறந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, பல சமயம், அவர் தலைமாட்டில் நிற்கும் கல்தான்.

சரி, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே போய்விடலாமா?

கூடாது. முதலில் டவுன்லேண்ட் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு. டவுன் என்று பேரில் இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில வீடுகளும் அவற்றைச் சுற்றியுள்ள வயல்களும் சேர்ந்த ஒரு வட்டாரம், அவ்வளவுதான். நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. ‘கார்க் மாவட்டத்து மர்ஃபி’ என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருவார்கள். டவுன்லேண்ட் பெயரோடு தேடினால் இரண்டோ மூன்றோ வீடுதான் வரும்.

அதை எங்கே பிடிப்பது? இறப்புப் பதிவில் இறந்த இடம் என்று பெரும்பாலும் டவுன்லேண்டே இருக்கும். ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கும் முந்தைய காலத்துக்கு, வரி வசூலுக்காக எடுத்த இரண்டு பதிவுகள் கைகொடுக்கும். ஒன்று, 1847-க்கும் 1864-க்கும் இடையில் நாடு முழுவதும் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு. யார் எந்த நிலத்தை யாரிடம் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வரைபட எண்ணோடு சொல்லும். இன்னொன்று, 1820-களிலும் 30-களிலும் எடுத்த தசமபாக வரிப் புத்தகங்கள்; சர்ச் ஆஃப் அயர்லாந்துக்கு நிலம் வைத்திருந்தவர்கள் கட்டிய வரி அது.

குடும்பம் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போயிருந்தால், முதலில் அங்கே உள்ள கல்லறையைப் பாருங்கள். அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் தங்கள் கல்லில் இன்ன மாவட்டம், இன்ன பங்கு என்று ஊரைப் பொறித்துக்கொள்வது சகஜம். பாஸ்டனில் கிடக்கும் கல், அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

டவுன்லேண்ட் தெரிந்துவிட்டது. எந்தக் கல்லறைத் தோட்டம் என்று எப்படித் தெரியும்?

இப்போது பூசை நடக்கும் கோயிலை வைத்துத் தேடாதீர்கள். கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் கட்டியவை; அவற்றை ஒட்டி இருக்கும் கல்லறைகளும் அந்தக் காலத்தவையே. அதற்கு முந்தையவர்கள் வேறு எங்கோ, வயல் நடுவே கூரையில்லாமல் நிற்கும் ஓர் இடைக்காலக் கோயிலின் சுவரைச் சுற்றிக் கிடப்பார்கள்.

1830-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அச்சான ஆறு அங்குல நில அளவை வரைபடங்களை இணையத்தில் திறந்து, உங்கள் டவுன்லேண்டைச் சுற்றி நாலைந்து மைல் பாருங்கள். பாழடைந்த கோயில், கல்லறைத் தோட்டம், குழந்தைகள் இடுகாடு எல்லாம் அதில் குறித்திருக்கும். தேசிய நினைவுச்சின்னத் துறையின் வரைபடத் தளத்தையும் கூடவே திறந்து வையுங்கள். ஒரு குடும்பத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தைவிட பத்து மைல் தள்ளியுள்ள மடாலயத் தோட்டத்தில் பரம்பரை இடம் இருந்திருக்கலாம். கல்யாணமாகிப் போன பெண்ணைக் கணவன் வீட்டாரோடு அல்லாமல் பிறந்த வீட்டாரோடு அடக்கம் செய்யும் வழக்கமும் சில பகுதிகளில் இருந்தது. ஆகவே பாட்டி மட்டும் காணவில்லை என்றால் அவள் பிறந்த ஊர்த் தோட்டத்தைப் பாருங்கள்.

எங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். புராட்டஸ்டண்ட் தோட்டத்தில் எப்படி இருப்பார்கள்?

தாராளமாக இருப்பார்கள். மதச் சீர்திருத்தத்துக்குப் பின் இடைக்காலப் பங்குக் கோயில்கள் சர்ச் ஆஃப் அயர்லாந்து வசமாயின. கோயில் கைமாறியதே தவிர, அதைச் சுற்றியிருந்த மண்ணில் பாட்டன் பூட்டன் கிடக்கிறார்கள் என்பது மாறவில்லை. எனவே இரு தரப்பும் அதே தோட்டத்திலேயே புதைத்தார்கள். கத்தோலிக்கர் கல்லில் பெரும்பாலும் ஐ.எச்.எஸ். (இயேசு பெயரின் சுருக்கம்) எழுத்தும் சிலுவையும், ஆன்மாவுக்காக மன்றாடச் சொல்லும் வரியும் இருக்கும்.

ஒரு பழைய கல்லில் உண்மையில் என்னென்ன கிடைக்கும்?

எதிர்பார்ப்பதைவிட நிறைய. 1800-ஐ ஒட்டிய ஒரு நல்ல கல்லின் வாசகம் கிட்டத்தட்ட இப்படிப் போகும்: ‘இன்ன டவுன்லேண்டைச் சேர்ந்த இன்னார், தம் தந்தை இன்னாருக்காகவும், தாய் இன்னார் என்கிற இன்னாருக்காகவும், இளம் வயதில் இறந்த பிள்ளைகள் மூவருக்காகவும், தமக்கும் தம் சந்ததிக்கும் நிறுவிய கல்.’ அப்புறம் தேதியும் வயதும்.

முதலில் கல்லை நிறுவியவர் பெயரைப் பாருங்கள். தேடி வருகிறவர்கள் அதை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அன்று உயிரோடு, கையில் காசோடு, அந்த நிலத்தில் இருந்தவர் அவர்தான். கிரிஃபித் மதிப்பீட்டிலோ தசமபாக வரியிலோ அகப்படப்போவதும் அவர் பெயர்தான். அடுத்து, மனைவியின் பெயருக்குப் பின் ‘ஏலியஸ்’ என்ற சொல் வந்தால் துள்ளிக் குதிக்கலாம். நாம் நினைப்பது போலக் கள்ளப் பெயர் அல்ல, அது அவள் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். அந்த ஒரே சொல் இன்னொரு குடும்பத்தின் வாசலைத் திறந்துவிடும். ‘ரெலிக்ட்’ என்றிருந்தால் விதவை. கணவர் முன்பே போய்விட்டார் என்று அர்த்தம்.

ஒரு கல்லோடு நிற்காதீர்கள். இடமும் வலமும் முன்னும் பின்னும் உள்ள கல்லையெல்லாம் படமெடுங்கள். அந்தக் காலத்தில் உறவுக்காரர்கள் பக்கம் பக்கமாகத்தான் படுத்தார்கள். இன்று பெயர் தெரியாத பக்கத்துக் கல், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோராக வந்து நிற்கும்போது யாரென்று புரியும்.

கல்லின் வேலைப்பாடும் தடயம்தான். வெக்ஸ்ஃபோர்டு, விக்லோ எல்லைப் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொனசீட் ஊரைச் சேர்ந்த டெனிஸ் கல்லன் என்ற கல்தச்சர் சிலுவைப்பாட்டுக் காட்சியைச் செதுக்கிய கற்கள் பல இன்றும் நிற்கின்றன. சிலவற்றில் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். செதுக்கியவர் இன்னார் என்று தெரிந்தால், தேதி உதிர்ந்துபோன கல்லுக்கும் ஏறத்தாழ காலம் சொல்லலாம்.

எழுத்து தேய்ந்துவிட்டது. எப்படிப் படிப்பது?

வெளிச்சத்தால். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால் கல் தானாகப் பேசும். வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தால் ஊமையாகிவிடும்.

கிறித்தவ அடக்கத்தில் தலை மேற்கே, கால் கிழக்கே. ஆகவே பழைய கற்களின் எழுத்துள்ள முகம் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்திருக்கும். காலைச் சூரியன் அதில் நேராக விழும், பயனில்லை. மதியத்துக்கு மேல் முகம் நிழலில் போய்விடும், அதுவும் பயனில்லை. நடுவில், சூரியன் நேர் தெற்கில் இருக்கும்போது வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். அயர்லாந்து தன் கடிகாரத்தைவிடச் சற்று மேற்கே தள்ளி இருப்பதால், அந்த நேரம் கோடையில் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி, குளிர்காலத்தில் பன்னிரண்டரையை ஒட்டி வரும். காலையில் எதுவுமே தெரியாத ஒரு பலகைக் கல்லில் அந்த வேளையில் வரி வரியாக எழுத்து எழுந்து வருவதைப் பார்ப்பது தனி சுகம்.

அயர்லாந்தில் வெயிலை நம்பிப் போக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அதனால் நல்ல டார்ச் ஒன்றை எடுத்துப் போங்கள். ஒருவர் கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் பிடிக்க, இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச வேண்டும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம். வெயில் இருந்து கல் மட்டும் நிழலில் இருந்தால், ஓர் ஆள் உயரக் கண்ணாடியால் ஒளியைத் திருப்பலாம். இதற்கும் மசியாத கல்லை, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பல கோணங்களில் படமெடுத்து, கைப்பேசிச் செயலியில் முப்பரிமாண உருவாக்கி, நிறத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். பாசியின் நிறம்தான் பாதி நேரம் கண்ணை ஏமாற்றுகிறது.

படிக்கும்போது 1-உம் 7-உம், 3-உம் 8-உம் குழப்பும். கிராமத்துக் கல்தச்சர்கள் இடம் போதாமல் இரண்டு எழுத்தை ஒட்டிச் செதுக்குவார்கள், சொல்லை வரியின் நடுவில் வெட்டுவார்கள், விட்டுப்போன எழுத்தை மேலே சொருகுவார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொள்ளுங்கள். திருத்தம் வீட்டுக்கு வந்து.

தண்ணீர் ஊற்றித் தேய்க்கலாமா? சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை?

வேண்டாம். கம்பி பிரஷ், பிளீச்சிங் எல்லாம் கல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். ஷேவிங் நுரையில் உள்ள ரசாயனம் கல்லுக்குள் ஊறிவிடும். பாசியைச் சுரண்டினால் அதோடு எழுத்தும் உரிந்து வரும், முக்கியமாக மணற்கல்லில். தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதையும் இப்போது ஊக்குவிப்பதில்லை. காய்ந்த இலையையும் புல்லையும் கையால் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல்லே இல்லையே?

பெரும்பாலானோருக்கு இல்லை என்பதுதான் உண்மை. செதுக்கிய கல் காசுள்ளவர் சமாச்சாரம்: ஓரளவு நிலமுள்ள விவசாயி, கடைக்காரர், பாதிரியார். கூலி ஆளுக்கும் குடிசைக்காரருக்கும் வயலிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தலைமாட்டில் நட்டார்கள், எழுத்து எதுவும் இல்லாமல். பழைய தோட்டங்களில் புல்லுக்குள் கால் இடறும் கற்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. அவற்றைப் பிடுங்கிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு கல்லறை.

பஞ்ச காலத்தில் அதுவும் கிடையாது. 1845 முதல் 1852 வரையிலான உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். மேற்கு கார்க்கில் ஸ்கிபரீன் ஊருக்கு வெளியே ஆபிஸ்ட்ரூரி தோட்டத்தில், பெயர் இல்லாமல் குழிகளில் கிடப்பவர்கள் 8,000 முதல் 10,000 பேர் என்கிறார்கள். பல இடங்களில் அடிப்பலகை திறக்கும்படியான ஒரே சவப்பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். உங்கள் முன்னோர் ஏழைகள் விடுதியில் இறந்திருந்தால் கல்லைத் தேடாமல், மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அந்த விடுதியின் பதிவேடு மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்குப் புனித மண்ணில் இடமில்லை என்று திருச்சபை வைத்திருந்த காலம் உண்டு. தகப்பனோ உறவினரோ இரவில் தூக்கிப் போய், கைவிட்ட கோட்டை மேட்டிலோ டவுன்லேண்டு எல்லையிலோ கடற்கரையிலோ புதைத்துவிட்டு வருவார்கள். அந்த இடங்களுக்கு கில்லீன் என்று பெயர். 20-ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது. கிராமத்தில் இதைப் பற்றிக் கேட்பதானால் பார்த்துக் கேளுங்கள். தம்பி தங்கையை அப்படிப் பறிகொடுத்த வயதானவர் எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.

கல் இல்லாவிட்டால் வழி அடைந்துவிட்டது என்றும் இல்லை. முன்னாள் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஃபால்மத் கியர்னி, 1850-இல் ஆஃபலி மாவட்டத்து மனிகால் ஊரிலிருந்து கப்பலேறியவர். அந்த ஊர்த் தொடர்பை உறுதிசெய்ய உதவியது டெம்பிள்ஹாரி சர்ச் ஆஃப் அயர்லாந்து பங்கின் பழைய பதிவேடுகள், 1922 தீயில் மாட்டாதவை.

கல்லில் உள்ள தேதியையும் வயதையும் அப்படியே நம்பலாமா?

தேதியை ஓரளவு, வயதை வேண்டாம். கல் பெரும்பாலும் சாவு நடந்து பல ஆண்டு கழித்து, சில சமயம் அமெரிக்காவுக்குப் போன பிள்ளை பணம் அனுப்பிய பிறகு நட்டது. ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னார்கள், செதுக்கினார்கள். வயது 60, 70, 80 என்று முழு எண்ணாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். 1909-இல் 70 வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வந்தது. அதன்பின் 1901-க்கும் 1911-க்கும் இடையில் 15 வயது ஏறியவர்கள் கணக்கெடுப்பில் ஏராளம்! அவர்கள் கல்லிலும் அதே கணக்குதான்.

ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர். என் ஆள் யார்?

இங்கேயும் நம் ஊரைப் போலவே தாத்தா பெயர்தான் பேரனுக்கு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பொது வழக்கம். அதனால் நாலு அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள் நாலு பேரும் ஒரே பெயரோடு திரிவார்கள். யார் என்று பிரித்துக் காட்டுவது மறுபடியும் டவுன்லேண்டும் மனைவி பெயரும்தான். பெயருக்கு முன்னால் வரும் ‘ஓ’, ‘மக்’ இரண்டையும் கண்டுகொள்ளாதீர்கள். சல்லிவனாகப் பிறந்து ஓ’சல்லிவனாகப் புதைக்கப்பட்டவர்கள் நிறைய. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலர் அந்த முன்னொட்டைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

அயர்லாந்துக்கு வராமலே பார்க்க முடியுமா?

பாதி முடியும். ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ் தளத்தில் கிராமத்து மக்களே பயிற்சி பெற்றுப் பதிவு செய்த பழைய தோட்டங்கள், கல் ஒவ்வொன்றின் படத்தோடும் இருப்பிடத்தோடும் உள்ளன. ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன்கிரேவ்ஸ் இரண்டும் உதவும், படம் இருந்தால். வாசகம் மட்டும் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. கெர்ரி மாவட்ட மன்றம் தன் கல்லறைத் தோட்டங்களின் அடக்கப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. 1888-இல் தொடங்கிய கல்லறை வாசகப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட இதழ்களையும் விடாதீர்கள். இன்று மண்ணாகிவிட்ட கற்களை அவர்கள் அன்று படித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேரில் போவதற்கு எந்த மாதம் நல்லது?

கல்லைப் படிக்க என்றால் பிப்ரவரி, மார்ச். கோடையில் முட்கொடியும் சுருக்கென்று கடிக்கும் காஞ்சொறியும் இடுப்பு வரை நிற்கும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் புதர்வேலியை வெட்டச் சட்டம் தடுக்கிறது. மனிதர்களைப் பார்க்க என்றால் கோடைதான். ஒவ்வொரு பங்கிலும் கோடையில் ஒரு நாள் கல்லறை மந்திரிப்பு, அதாவது பாதிரியார் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் சடங்கு, நடக்கும். வெளியூரில் இருப்பவர்களும் வந்து அவரவர் குடும்பக் கல்லறை அருகே நிற்பார்கள். உங்கள் ஆளின் கல் பக்கத்தில் அன்று யார் நிற்கிறார் என்று பார்த்தாலே போதும், பாதி வேலை முடிந்தது.

தோட்டம் தனியார் வயலுக்குள் இருந்தால் அந்த விவசாயியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். மாட்டுக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். காளை நிற்கிறதா என்று பார்த்த பிறகு வேலி தாண்டுங்கள். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். மெட்டல் டிடெக்டரைக் கொண்டு போகாதீர்கள். அனுமதியின்றி தொல்பொருள் தேடுவது குற்றம்.

வட அயர்லாந்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கல்லறை விஷயம் பொருந்தும். ஆவணம்தான் வேறு இடம். பெல்ஃபாஸ்டில் உள்ள வட அயர்லாந்து பொது ஆவண அலுவலகத்தில் தேட வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுகள் மட்டும் வட அயர்லாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில்; அவற்றைப் பார்க்கக் கட்டணம் உண்டு.

நாங்கள் சென்னை ஆங்கிலோ-இந்தியர்கள். முதலில் வந்தவர் ஐரிஷ் சிப்பாய் என்பார்கள். எங்கே தொடங்குவது?

அயர்லாந்தில் அல்ல, மெட்ராஸில். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைதான் பிரிட்டிஷ் ராணுவத்தின் 102-ஆம் படைப்பிரிவாகி, 1881-இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆயிற்று. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே.ஜே. காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியலும் உண்டு, ஆனால் அதில் அதிகாரிகளே அதிகம், சாதாரணச் சிப்பாய் குறைவு.

சிப்பாயின் ஊரைப் பிடிக்கச் சரியான இடம் அவர் படையில் சேர்ந்தபோது எழுதிய பதிவு. பிறந்த மாவட்டமும் பங்கும் அதில் பெரும்பாலும் இருக்கும். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஐரிஷ் ஊர்ப்பெயர் என்பதால், அதை லாகன்ம் (logainm.ie) என்ற இடப்பெயர்த் தளத்தில் பல விதமாக அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். பங்கு உறுதியான பிறகு டவுன்லேண்ட், அதன்பிறகே விமான டிக்கெட்.